அளந்து கட்டிய மருந்து

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

கடந்த தீபாவளிக்கு மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் மக்தப் வகுப்புக்கு ஒரு மாணவன் வரவில்லை. தெருவில் வெடிக்காமல் கிடந்த பட்டாசுகளைப் பொறுக்கி, அவற்றின் மருந்தை ஒரு தகர டப்பாவில் கொட்டிச் சேர்த்துக் கொளுத்தியிருக்கிறான். வலக்கை வெந்துவிட்டது, புருவம் கருகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கண் தப்பியது. நலம் விசாரிக்கச் சென்றபோது அவனுடைய தாயார் கதவோரம் நின்றபடி கேட்டார்: "ஹஜ்ரத், திப்பு சுல்தான் ராக்கெட் கதை நீங்க சொன்னதாமே?"

நாம்தான் சொல்லியிருந்தோம். அதுவும் மிகுந்த பெருமிதத்தோடு.

அந்த வரலாறு நம் வேப்பம்பட்டுக்கு அயலானது அன்று. 1780 ஆகஸ்டில் குண்டூரிலிருந்து புறப்பட்ட கும்பெனித் தளபதி பெய்லியின் படை கும்மிடிப்பூண்டி வழியாகவே தெற்கே வந்தது. கொசஸ்தலையாற்றை உடனே கடந்திருக்கலாம். வடகரையிலேயே தங்கினார்கள், அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் கடக்க முடிந்தது. 6ஆம் தேதி நம் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தின் அருகே திப்பு அவர்களை மறித்துப் போரிட்டார். 10ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து சூழ்ந்துகொண்டது. கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார்.

"சுல்தானின் ராக்கெட் பட்டு வண்டி வெடித்தது!" என்று கையை உயர்த்திச் சொன்னோம். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. உண்மையில் வண்டிகளைத் தாக்கியது பீரங்கிக் குண்டா, ராக்கெட்டா என்பதில் வரலாற்றுக் குறிப்புகள் ஒன்றுபடவில்லை. அதை அறிந்திருந்தும் சுவைக்காக விட்டுவிட்டோம். ஶ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் திப்பு இப்போரைச் சுவர் ஓவியமாகத் தீட்டச் செய்தார். சதுரமாய் அணிவகுத்து நிற்கும் படையின் நடுவே வெடிக்கும் வண்டியும், பல்லக்கில் காயமுற்ற பெய்லியும் அதில் உண்டு. அந்த வண்டியைச் சுற்றி நிற்கும் மனிதர்களைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

சொல்லியிருக்க வேண்டியது வேறொன்றும் இருந்தது. அக்காலத்துத் துப்பாக்கிக்குக் குழலின் வாய்வழியே மருந்திட்டு, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். மருந்து குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. மிகுந்தால் குழலே பிளந்து சுடுபவனைத் தாக்கக்கூடும். போர்க்களத்தில் நடுங்கும் கையால் அளக்க இயலாது என்பதால், முன்னரே ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டித் தோட்டாவாகக் கட்டிவிடுவார்கள். அவற்றைத் தோல் பெட்டியில் அடுக்கி, பொறியும் ஈரமும் படாதவாறு மூடி, சிப்பாய் இடுப்பருகே சுமப்பான். எந்தத் தோட்டாவைக் கிழித்தாலும் அளவு ஒன்றுதான். 1857இல் மீரட்டில் 85 வீரர்கள் தொட மறுத்த தோட்டாக்களும் இவ்வகையே. தடவிய கொழுப்பு பன்றியுடையதா, பசுவுடையதா என்ற அச்சம் பரவியிருந்த காலம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆயினும் கொடுத்த கையின் மீது நம்பிக்கை போய்விட்டது. (இதைத் தனியே ஒரு நாள் எழுத வேண்டும்.)

ஆக, சிப்பாயின் பெட்டியில் இருந்தது அளந்து பிரித்து மூடிய மருந்து. பொள்ளிலூரின் வண்டிகளில் இருந்ததோ ஒரே இடத்தில் குவிந்த மருந்து. நம் மாணவனின் தகர டப்பாவில் இருந்ததும் அத்தகைய குவியலே.

ஸஹீஹ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஒரு நபிமொழி உண்டு. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், எவர் மீதும் கீறல் படாதவாறு அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் மனனம் செய்தும் ஒப்பித்திருக்கிறார்கள். ஆயினும் அன்று பொள்ளிலூர்க் கதையைச் சொன்னபோது அது நம் நினைவுக்கே வரவில்லை. வீரத்தைச் சொன்ன நாவு முனையைப் பிடிக்க மறந்தது. அத்தாயாரிடம், "ஆமாம், தவறு நம்முடையது" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே சென்று தேநீர் கொடுத்தனுப்பினார். அதைக் குடிக்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் வகுப்புக்கு வந்தான். கட்டுப் போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, ரிஹாலில் இருந்த குர்ஆனின் பக்கத்தை அருகிலிருந்தவன் திருப்பிக் கொடுக்க ஓதினான். அன்று பாடம் முடிந்தபின் பக்கத்து மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கிவந்து, பிள்ளைகள் முன் உப்பை நிறுத்தோம். 1857இன் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு ஒரு வேட்டுக்கான மருந்து ஏறக்குறைய நாலரை கிராம். அந்த அளவு உப்பு ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பவில்லை. "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். இவ்வளவுதான் ஒரு மனிதனைக் கொன்றது என்றோம். ராக்கெட்டைப் பற்றிச் சென்ற முறை உறுதியாகச் சொன்னது பிழை என்பதையும் சொன்னோம். பிள்ளைகளுக்கு அது சற்று ஏமாற்றம், முகத்திலேயே தெரிந்தது.

கை வெந்த மாணவன் மட்டும் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த பெய்லி என்ன ஆனாரு ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

ஶ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்துபோனார் என்றோம். அவன் "இன்னா லில்லாஹி" சொல்லத் தொடங்கி, சொல்லலாமா கூடாதா என்று நம் முகத்தைப் பார்த்தான்.