கையெழுத்துக்கு முன்னால்

தவளக்குப்பம், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

உன் பெண்ணின் ஊசியைப் பற்றி நீ போனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரான்சில் 2023-லிருந்து கொலேழ் (நடுநிலைப் பள்ளி) பிள்ளைகளுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பள்ளியிலேயே இலவசம், பையன்களுக்கும் சேர்த்து. ஆனால் தாய் தகப்பன் இருவரும் சம்மதித்தால்தான் பள்ளியில் போடுவார்கள். உன் பெண் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள், அவள் அம்மாவும் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ மட்டும் கம்மத்தில் பிள்ளைகள் இறந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அந்தக் கதையை முழுசாகக் கேள். 2009-ல் பாத் என்கிற அமைப்பு அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. ஏழு பிள்ளைகள் இறந்தது நிஜம். தண்ணீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று காரணங்கள் இருந்தன. ஊசிதான் கொன்றது என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. 2013-ல் நாடாளுமன்றக் குழு சாடியவற்றில் முக்கியமானது சம்மதப் படிவம். விடுதிப் பிள்ளைகளுக்கு வார்டனும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்ன ஊசி என்றுகூடப் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. கம்மத்தில் நடந்த தப்பு அதுதான். அவளைக் கேட்காமல் நீ முடிவெடுப்பதும் அதே வகைதான்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியை இங்கே எங்கள் பள்ளியில் 15 வயது வரைக்கும் போட்டோம். வாட்ஸ்அப் புரளியை நம்பிப் பல வீட்டில் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பினார்கள். வரிசையில் நின்ற பெண்களை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினோம். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

2021 டிசம்பரில் புதுச்சேரியில் கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கியபோது நீ எப்படிக் கொதித்தாய்! 2022 மே மாதம், ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், அவரவர் உடம்பு அவரவர் இஷ்டம் என்று குதித்தாய். உனக்கு ஒரு நியாயம், உன் பெண்ணுக்கு ஒரு நியாயமா?

வயசு போதாது என்பாய். புரிந்துகொள்ளும் பக்குவம் வந்துவிட்டால், பதினாறு ஆகாத பிள்ளையும் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று இங்கிலாந்தில் 1985-லேயே கில்லிக் வழக்கில் தீர்ப்பாயிற்று. நம் கிரிமினல் சட்டமும் பொதுவாகப் பன்னிரண்டு வயதுக்குக் கீழேதான் பிள்ளையின் சம்மதம் செல்லாது என்கிறது. உன் பெண்ணுக்குப் பதின்மூன்று. பதினெட்டு ஆகட்டும் என்று தள்ளவும் முடியாது. கிருமி உடம்பில் சேர்வதற்கு முன்னால் போட்டால்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிராக ஊசியின் முழுப் பலன் கிடைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து அந்தச் சம்மதத் தாளைப் படி. என்ன புரிந்தது, எதற்குப் பயம் என்று கேள். சந்தேகம் இருந்தால் பள்ளி நர்ஸிடம் அவளே கேட்கட்டும். எல்லாம் தெரிந்துகொண்டு அவள் வேண்டாம் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். வேண்டும் என்றால், நீ கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அக்கா