ஓர் இரவுக் கடல்

நாஞ்சில் நாட்டாருக்குக் கடல் புதிதன்று. குமரி முனையில் நின்றால் மூன்று பக்கமும் அதுதான். ஆயினும் கப்பலேற வேண்டுமானால் நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தூத்துக்குடிக்குத்தான் போகவேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்த நாளில் அந்தக் கணவாயே ஓர் எல்லை. ஆகவே கொழும்புக்குப் போன எங்கள் ஊர்க்காரர் இரண்டு எல்லைகளைக் கடந்தவராவார்.

2011 ஜூன் மாதம் 13-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் மீண்டும் ஆரம்பமாயிற்று. சில வாரங்களுக்குப்பின் நானும் அதில் ஏறினேன். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்று பெயர். அதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1972-ல் யுகோஸ்லாவியாவில் கட்டப்பட்டு, 'ஸ்டேனா ஒலிம்பிகா' என்ற பெயருடன் ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் துறையிலிருந்து அண்டை நாட்டுக்கு ஜனங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த கப்பல் அது. பின்னர் பல வருஷங்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடிற்று. அங்கேயெல்லாம் அண்டை நாட்டுக்குக் கப்பலில் போவது, நாம் கோட்டாறு சந்தைக்குப் போய் வருவது போல. ஆயிரம் பேருக்குமேல் ஏறக்கூடிய அக்கப்பலில், நான் போன அன்று காலி இடங்களே அதிகம்.

கொழும்பு 152 கடல் மைல். மாலையில் புறப்பட்டால் காலையில் சேரலாம். கரையின் விளக்குகள் மறைந்தபின் மேல்தளத்தில் உலாவினேன். தோவாளைப் பக்கத்து ஆச்சி ஒருத்தி, வாழையிலையில் கட்டிய பிச்சிப்பூப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கம்பியோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவராம். குழந்தையாயிருந்த அவளைத் தாயாருடன் தலைமன்னாரில் கப்பலேற்றி, "பொறவு வாறேன்" என்று சொன்னவர், திரும்பவே இல்லை, அங்கேயே காலமாகிவிட்டார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் பிறகு நின்றது.

"திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியிருக்கலாமே, ஆச்சி?" என்றேன்.

"அப்பா கடல்மேல போனாரு மக்களே. நானும் கடல்மேலதான் போணும்" என்றாள்.

நடுநிசிக்குமேல் அந்தப் பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு உறங்கப் போனாள். எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் நின்ற அதே மார்க்கத்தில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல்கள் ஓடின. 1906-ல் அவர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என இரு கப்பல்கள் வந்தன. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்ததாம்! 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. வெள்ளைக்காரனை நாம் எத்தனையோ திட்டியிருக்கிறோம். அந்தக் குடையைக் கைநீட்டி வாங்கியவர் யார் என்று மாத்திரம் எவரும் கேட்பதில்லை.

காலியாவுக்காவது ஒரு விரோதி இருந்தான். ஸ்கோஷியா பிரின்ஸுக்கு அதுவும் இல்லை. எரிபொருள் பாக்கித் தகராறில் சிக்கி, அதே வருஷம் நவம்பரில் ஓட்டம் நின்றது. 2012-ல் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

ஆச்சியைப் பின்னர் ஒருமுறை தோவாளைப் பூச்சந்தையில் கண்டேன். வயது நன்றாய்த் தளர்த்தியிருந்தது, என்னை மறக்கவில்லை.

"கப்பல் மறுபடி எப்ப விடுவாவ, மக்களே?"

நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் விட்டார்கள், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள், காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரந்தான் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"அது யாழ்ப்பாணத்துக்குல்லா போவுது" என்று சொல்லிவிட்டு, ஆச்சி பிச்சிப்பூவை விலை பேசத் திரும்பினாள்.