புள்ளி விழாத மெசின்

முப்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகங்களில் எழுத்துகளோடு மாரடித்தவன் என்பதால், எழுத்து சம்பந்தப்பட்ட சகலதிலும் எனக்கு ஞானம் உண்டென்று உறவினர்கள் நம்புகிறார்கள். கலியாண அழைப்பிதழுக்கு ஒப்புநோக்குவதில் தொடங்கி, செத்தவீட்டுக் கல்வெட்டுக்கு அணிந்துரை எழுதுவது வரை வந்த இந்த நம்பிக்கை, இப்போது ஸ்ரிக்கர் வெட்டும் மெசின் தெரிவு செய்வதில் வந்து நிற்கிறது. வேலணையில் ஸ்ரிக்கர் கடை நடத்தும் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, நாலடி மெசின் ஒண்டு எடுப்பமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

காசு எங்கிருந்து என்று கேட்டேன். அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்குப் போகின்றன என்றான். அதற்குமேல் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஸ்ரிக்கர் வெட்டும் மெசின் என்பது அச்சு இயந்திரமன்று. வரைபடம் கீறும் பழைய பேனாக் கருவியின் வாரிசு அது. பேனா இருந்த இடத்தில் ஊசிமுனை போன்ற சிறு கத்தி. வினைல் சுருள் முன்னும் பின்னும் நகர, கத்தி இடமும் வலமுமாக ஓடும். மேலே உள்ள வண்ணத் தாளை மட்டும் அறுத்து, அடிக்கடதாசியில் கீறல் விழாமல் நிறுத்த வேண்டும். பிறகு தேவையற்ற பகுதியைக் கையால் உரித்தெடுத்து, எஞ்சிய எழுத்துகளை ஒட்டுத்தாள் ஒன்றினால் அப்படியே தூக்கி வாகனத்திலோ வள்ளத்திலோ பதிப்பார்கள். 2009க்குப் பின் குடாநாட்டுக்குள் லீசிங் கம்பனிகள் வந்து, ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பெருகியபோது இந்தத் தொழிலும் பெருகியது. அதற்கு முன்னர் இவையெல்லாம் தூரிகை பிடித்த பெயின்ரர்களின் வேலை. மருமகனின் தகப்பனாரும் (எனக்கு அத்தான் முறை) அவர்களில் ஒருவர். தீவகத்து வள்ளங்களிலும் கடைப் பலகைகளிலும் எழுதியவர். கை நடுங்கத் தொடங்கியதும் தூரிகையை வைத்துவிட்டார்.

மருமகனிடம் ஏற்கெனவே ஒரு மெசின் உண்டு. பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத, மலிவான இரண்டடி மெசின். ஆங்கிலம் நன்றாகவே வெட்டும். மீன்பிடி வள்ளங்களுக்குத் திணைக்களம் வழங்கும் பதிவு இலக்கம், ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எஃப்.என். என்று முடிவது, அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பெரும்பாலும் நேர்கோடுகள்தானே. ஆனால் அதே வள்ளத்தின் மறுபக்கத்தில் "நாகபூஷணி அம்மன் துணை" என்று வெட்டச் சொன்னால் மெசின் மூச்சு வாங்குகிறது. ணகரத்தின் சுழிகள் படிக்கட்டுப் போலச் சிதைகின்றன. கோடு தொடங்கிய இடமும் முடியும் இடமும் சந்திப்பதில்லை. உரிக்கும்போது அந்த மயிரிழை இணைப்பு எழுத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருகிறது. எல்லாவற்றிலும் மோசம் புள்ளி. சின்ன வட்டம், பசைப்பரப்பு மிகக் குறைவு. சற்றே பிசகி வெட்டுப்பட்டாலும் கழிவோடு போய்விடும். ஒருநாள் அவனுடைய கடை வாசலில் நின்ற ஓட்டோவில் "அமமன துணை" என்றிருந்தது. சாரதி கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கோ அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. (ஒப்புநோக்குநரின் வியாதி. "துனை" என்று எழுதியவர்களையும் இவ்வளவு காலம் மன்னித்துத்தான் வந்திருக்கிறேன்.)

இதற்குக் காரணம் மோட்டார். மலிவான மெசின்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்தான். அது படிப்படியாக அடியெடுத்து வைப்பது. அடி தவறினாலும் தவறியது அதற்குத் தெரியாது. சேர்வோ மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அளந்து, பிழைத்தால் திருத்திக்கொள்ளும். நேர்கோட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஞகரத்திலும் ழுகரத்திலும் தெரியும். உலகத்துக்கு விற்கும் மெசினை ஆங்கில எழுத்தை வெட்டிக் காட்டியே விற்கிறார்கள். நாம் வாங்கப்போவதோ வளைவுகளால் ஆன ஒரு மொழிக்கு. சிங்களத்துக்கும் இதே சோதனைதான். நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் யாத்திரிகர்களின் வான்களுக்காக மருமகன் சிங்களமும் வெட்டுகிறான். 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கில் அதன்மேல் தார் பூசியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே எழுத்தின் சுழி உடையாமல் வெட்ட வழி தேடுகிறார்கள். காலம் என்பது இதுதான் போலும்.

இனி அவன் கேட்ட நாலடி மெசின். அகலம் கூடினால் வருமானம் கூடும் என்பது விற்பனையாளர் ஊதிய மந்திரம். வினைல் சுருள் நாலடி அகலத்தில் வருவது உண்மை. அதை நடுவே பிளந்தால் இரண்டு இரண்டடிச் சுருள்கள். ஓட்டோவின் பின்கண்ணாடிக்கும் வள்ளத்தின் அணியத்துக்கும் அதற்கு மேல் எதற்கு? அடுத்தது அழுத்தம். "ஐந்நூறு கிராம், எண்ணூறு கிராம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். சாதாரண வினைலை அறுக்க நூறு கிராம் அளவில் போதும். ரோலண்ட் ஜி.எஸ்-24 என்ற யப்பானிய மெசினின் உச்ச அழுத்தமே 350 கிராம்தான். அதற்கு முந்திய ஜி.எக்ஸ்-24க்கு 250. ஸ்ரிக்கர் வெட்டிப் பிழைப்பவர்கள் அவற்றோடு நிம்மதியாகவே இருந்தார்கள். தேவைக்கு மிஞ்சிய பலத்தை விற்பது எல்லாத் துறையிலும் நடப்பதுதான்.

இதற்கிடையே ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ஒருவர், அங்கே வீட்டுப் பெண்கள் கைவினைக்குப் பாவிக்கும் கிரிக்கட் மெசின் ஒன்றை அனுப்பவா என்று கேட்டாராம். நல்ல மனது. ஆனால் அதன் பொதுவான அகலம் பன்னிரண்டு அங்குலம். இணையத்தில் கணக்குத் திறந்து அவர்களுடைய மென்பொருளினூடாகவே வேலை செய்ய வேண்டும். மேசைமீது வைத்து வாழ்த்து மடல் வெட்டுவதற்கு அது போதும். நாள் முழுவதும் கடையில் ஓட்டுவதற்கு அன்று.

எனக்கு உண்மையில் ஏதாவது ஞானம் இருந்தது எழுத்துருவில்தான். எங்கள் பத்திரிகை மேசைகளில் ஆண்ட பாமினிதான் இன்றும் ஸ்ரிக்கர் கடைகளில் ஆட்சி. பழைய வரைகலை மென்பொருள்களில் யூனிக்கோட் தமிழ் கொம்பு வேறு, கால் வேறாகச் சிதறும் என்பதால் அதை விட்டு விலக மாட்டார்கள். பாமினியில் "கி" என்று அடித்தால் ககரமும் விசிறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அச்சில் தெரியாது, கறுப்பின்மேல் கறுப்பு. கத்திக்கு அப்படியில்லை. அது ககரத்தின் முழு விளிம்பையும் விசிறியின் முழு விளிம்பையும் தனித்தனியே அறுக்கும். ஒட்டும்போது எழுத்து நடுவில் துண்டாகும். எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, ஒன்றோடொன்று உருக்கி இணைத்த பிறகே மெசினுக்கு அனுப்ப வேண்டும். மருமகன் இதைச் சில இடங்களில் செய்யாமல் விட்டிருந்தான். பழைய மெசின்மேல் அவன் சுமத்திய குற்றங்களில் இரண்டொன்று அதனுடையவை அல்ல. புது மெசினுக்கு மூன்று மடங்கு விலை கொடுத்தாலும் இந்த வெட்டு அப்படியேதான் விழும்.

அவசரப்படாதே என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதை எட்டியதையும், மார்ச் முடிவில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததையும் இவன் அனுபவித்தவன். வேலை நடுவில் மின்சாரம் போனால் மெசின் தொடக்கப் புள்ளியை மறந்துவிடும். அந்தத் துண்டு வினைல் குப்பைக்குத்தான். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டதும் ஓடர்கள் கூடும் என்று கணக்குப் போடுகிறான். கணக்குச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் மோட்டார் பலகை எரிந்தால் அதைத் திருத்த யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத மெசினை, அம்மாவின் காப்பை வைத்து வாங்குவது கணக்கில் சேராது. பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது சுலபம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி, பாகம் வரும்வரை கடையைப் பூட்டியிருப்பது சுலபமன்று. உப்புக்காற்றில் கத்தியும் தண்டவாளமும் கறள் பிடிக்கும் ஊரில், கத்தி எங்கே கிடைக்கும் என்பதுதான் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

நான் சொன்ன யோசனை எளிமையானது. விளம்பரத் தாளை நம்பாதே. ஒரு பக்கம் வெட்டிப் பார். எந்தப் பக்கத்தை என்று கேட்டான். அத்தானிடம் கேட்கச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளில் நடுங்கும் கையால் பென்சில் பிடித்து, தான் தூரிகை பிடித்த காலத்தில் தனக்கு வில்லங்கம் தந்த எழுத்துகளை மட்டும் எழுதிக் கொடுத்தார்: ஞா, ணு, ழூ, ஷ, ஸ்ரீ, அடியில் சிறியதாக "அம்மன்". மருமகன் அவற்றைக் கணினியில் ஏற்றி, விசிறிகளை ஒழுங்காக உருக்கி இணைத்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நான்கு மெசின்களில் வெட்டிப் பார்த்தான். ஒரு கடைக்காரர், "தம்பி, ஏ.பி.சி. வெட்டிக் காட்டுறன், பாருங்கோ" என்றாராம். இவன் சம்மதிக்கவில்லை. புதிய நாலடி மெசின் ழூவிலேயே தோற்றது. சேர்வோ பூட்டிய புதுச் சீன மெசின் ஒன்று எதிர்பாராத அளவுக்கு நன்றாகவே வெட்டியது. ஆனால் உதிரிப்பாகம் பற்றிக் கேட்டபோது விற்பவர் பேச்சை மாற்றிவிட்டார். கடைசியில் எடுத்தது, கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனம் கைவிட்ட பழைய ஜி.எஸ்-24. இரண்டடிதான். காப்புகளில் ஒன்று மட்டுமே அடகுக்குப் போனது.

புதுக் கத்தி போட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து வெட்டுகிறான். புள்ளியை மூன்று மில்லிமீற்றருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. மின்வெட்டுக்குச் சிறியதொரு யூ.பி.எஸ். வைத்திருக்கிறான். மெசின் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதுவே போதுமாக இருக்கிறது. பழைய மெசினை விற்கவில்லை. வள்ளங்களின் பதிவு இலக்கத்துக்கு அதுவே போதும் என்கிறான்.

ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்காகக் குறிகட்டுவான் துறைக்குப் போனபோது, வரிசையில் நின்ற ஓட்டோக்களின் பின்கண்ணாடிகளைப் பழக்கதோஷத்தில் வாசித்துக்கொண்டு நடந்தேன். ஒன்றில் "அம்மன் துணை" இரண்டு புள்ளிகளோடும் இருந்தது. அடுத்ததில் "துனை". அது எங்கள் கடை வேலையன்று என்று மருமகன் சத்தியம் செய்கிறான்.