தாத்தாவின் ஒரே சுரம்

பாட்டைப் போட்டதும் கார்ட்ஸ் சொல்ற சாஃப்ட்வேர் உங்ககிட்ட இருக்கா பாஸ்? கிடார், கீபோர்டு கத்துக்கிற நம்மாளுங்க பாதிப் பேர் அதை நம்பித்தான் வண்டி ஓட்டுறோம். நானும் நம்பினேன். மாட்டினேன்!

எங்க தாத்தா நரசிங்கம்பேட்டை பக்கம் கோயில்களில் ஒத்து ஊதினவர். 2022-ல புவிசார் குறியீடு வாங்கின நாகஸ்வரம் செய்யற அதே ஊர்தான். ஒத்துன்னா, நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல நின்னு ஸ்ருதிக்காக விடாம ஊதற 'ஸ' மட்டும். வாழ்நாள் பூரா ஒரே சுரம்! அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. மிச்சம் ஒரே ஒரு கேசட். அதுல ஒருத்தர் தோடி வாசிக்க, பின்னால தாத்தா.

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல அதை ஓடவிட்டு, கூடவே கீபோர்டு வாசிக்க ஐடியா. சாஃப்ட்வேர்கிட்ட கொடுத்தா, முதல்லேருந்து கடைசி வரை 'மேஜர், மேஜர்'! அப்படியே வாசிச்சேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. "என்னடா, அப்பா கச்சேரியில அபஸ்வரம்?"

தோடியில வர்றது சாதாரண காந்தாரம். மேஜர் கார்டுல இருக்கறது அந்தர காந்தாரம். ரெண்டும் அடுத்தடுத்த கட்டை. சேர்ந்தா காது கூசும்.

ஏன் இந்தச் சறுக்கல்? 1999-ல டாகுயா ஃபுஜிஷிமா காட்டின வழி இது: ஒலியைத் துண்டு துண்டா நறுக்கி, ஸ்தாயி பார்க்காம 12 சுரப் பெட்டியில கொட்டி, எந்த கார்டோட அச்சுக்குப் பொருந்துதுன்னு பார்க்கறது. 2008-ல மைரெக்ஸ் போட்டியில பீட்டில்ஸ் பாட்டுகளை வெச்சு சோதிச்சாங்க. மேஜர், மைனர் மட்டும்னா நல்ல சாஃப்ட்வேர் நூத்துக்கு 80-ஐத் தாண்டும். சிக்கலான கார்டுன்னா மார்க் இறங்கிடும்.

தோடி காந்தாரமோ கமகத்துல அசையும். ஒரு பெட்டியில நிக்காது. அசையாம நிக்கறது ஒத்துதான். அந்த 'ஸ'வுக்குள்ளேயே மூணு மடங்கு அதிர்வுல பஞ்சமமும், அஞ்சு மடங்குல அந்தர காந்தாரமும் ஒளிஞ்சிருக்கு. தம்புராவுல தானா கேட்குமே, அதே காந்தாரம்! ஸ, க, ப... மேஜர் ரெடி.

அப்போதான் உறைச்சது. கச்சேரி முழுக்க சாஃப்ட்வேர் கேட்டது எங்க தாத்தாவைத்தான். கூட்டத்துல யாரும் திரும்பிப் பார்க்காத அவரை!

மேடையில கார்ட்ஸை விட்டுட்டேன். ஸ, ப மட்டும் அமுக்கிப் பிடிச்சேன். எட்டு நிமிஷத்துக்கே விரல் வலிச்சது. தாத்தா சாமி புறப்பாட்டுல ராத்திரி பூரா ஊதினவர். பரிசு கிடைக்கலை. வந்து கேட்ட அம்மா மட்டும், "ஸ்ருதி சேர்ந்துச்சுடா"ன்னாங்க.

அடுத்த தடவை சாஃப்ட்வேர் கார்டு சொன்னா, அமுக்கறதுக்கு முன்னாடி உங்க காதையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க பாஸ்!