நாக்கை நீட்டுங்கம்மா!

போன வருஷம் அக்காவுக்கு புதுச்சேரியில் சிசேரியன். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து, "வாயை நல்லா திறங்கம்மா, நாக்கை நீட்டுங்க" என்றார். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். நான் சும்மா இருக்காமல், "குழந்தை வயித்துலதானே சார் இருக்கு?" என்று கிண்டலடித்தேன். (அக்கா முறைத்தாள்.)

டாக்டர் சிரிக்கவில்லை. "முதுகுல ஊசி போட்டா அவங்களே மூச்சு விடுவாங்க. அவசரத்துல முழு மயக்கம் கொடுத்தா மூச்சுக்குழாய்ல நாங்க ட்யூப் போடணும். அது சுலபமா போகுமான்னு இப்பவே பாக்கணும் தம்பி."

ராத்திரி தூக்கம் வரலை. உட்கார்ந்து படித்தேன். கர்ப்பத்தில் தொண்டைச் சவ்வு வீங்கியிருக்கும். மூச்சு நின்றால் ஆக்சிஜன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையும். வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போகலாம். அந்த நாக்குச் சோதனைக்குப் பெயர் மல்லம்பட்டி. 1985-ல் 210 பேரிடம் பார்த்து எழுதிய டாக்டரின் பெயர்தான் அது. பாஸ்டனில் வேலை பார்த்த ஆந்திராக்காரர்!

நம்ம ஊர் மயக்கவியல் டாக்டர்கள் 2016-ல் கர்ப்பிணிகளுக்கென்றே வழிமுறை வெளியிட்டார்கள். சாராம்சம்: ட்யூப் போகலையா, திரும்பத் திரும்ப முட்டாதே, உதவிக்கு ஆள் கூப்பிடு, ஆக்சிஜனை விடாதே. ப்ரோக்ராமில் நாங்களும் இத்தனை முயற்சிதான் என்று லிமிட் வைப்போம். மிஞ்சினால் சர்வர் படுக்கும். இங்கே ரெண்டு உயிர்.

மறுநாள் முதுகு ஊசியிலேயே முடிந்தது. பெண் குழந்தை. வெளியே வந்த டாக்டரிடம் சாரி சொன்னேன். "எதுக்கு தம்பி?" என்றார். மறந்தே போயிருந்தார்.