அந்தச் சங்கிலி எதுக்குங்க டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. பழைய மாணவி. பெயரைச் சொன்னதுமே ரெட்டைச் சடையும் எண்ணெய் வழிந்த நெற்றியுமாக அந்த முகம் கண் முன்னே வந்துவிட்டது. நலம் விசாரித்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என் பொண்ணு பத்தாவது படிக்கறாளுங்க டீச்சர். அடுத்து என்ன குரூப் எடுக்கறதுன்னு தெரியலைங்க. உங்களக் கேட்டுக்கலாம்னுதான்..."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே கேள்வியை 1999-ல் அவளும் என்னிடம் கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் தப்பு. அது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவள். கொங்குப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பல வருஷம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தேன். பள்ளி வாசலில் ஓர் அடிபம்பு. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தெருவுக்கும் அதுதான் தண்ணீர்.

1995 வாக்கில் ஒரு நாள் பம்பு நின்றுபோனது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து இரும்பு முக்காலி நிறுத்தி, குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது. எட்டிப் பார்த்தால், இவள் பம்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திறந்து கிடந்த பம்புத் தலைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள சைக்கிள் செயின் மாதிரி ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். அந்தச் சங்கிலி எதுக்குங்க? நேரா கம்பியவே மாட்டியிருக்கலாமில்ல?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. "பாடத்துல இல்லாததெல்லாம் உனக்கெதுக்கு? உள்ள போ" என்று காதைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அன்றைக்கு நான் கரும்பலகையில் எழுதி வைத்திருந்த தலைப்பு: நெம்புகோலின் வகைகள்.

முதல் வகைக்குக் கத்தரிக்கோல் படம் போட்டேன், சீசாப் பலகை படம் போட்டேன். எங்கள் ஊரில் சீசாப் பலகையே கிடையாது. இருபது அடி தள்ளி நின்ற அடிபம்பின் கைப்பிடிதான் அசல் முதல் வகை நெம்புகோல். நடுவில் அச்சு, ஒரு பக்கம் நம் கை, மறுபக்கம் தண்ணீரின் எடை. அத்தனை வருஷம் பாடம் நடத்தியும் அது என் கண்ணில் படவில்லை.

அந்தச் சங்கிலியின் கதையை ஓய்வு பெற்ற பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். 1970-களுக்கு முன்னால் ஊர்களில் வைத்த பம்புகள் வார்ப்பிரும்பில் செய்தவை. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கென்று இருந்த பம்பைப் பார்த்துச் செய்தது. இங்கே ஓர் ஊரே காலையிலிருந்து ராத்திரி வரை அடித்தால் தாங்குமா? சீக்கிரமே உடைந்து போயின. மராட்டியத்தில் சோலாப்பூர்ப் பக்கம் இரும்புத் தகட்டில் வேறு மாதிரி ஒரு பம்பு செய்தார்கள். அதை அடிப்படையாக வைத்து யுனிசெப், அரசாங்கம், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை எல்லாரும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியா மார்க் 2. அதைச் சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில். இன்று ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் பெண்கள் அதே பம்பைத்தான் அடிக்கிறார்கள்.

சங்கிலி எதற்கு? கைப்பிடி வட்டமாகச் சுழலும். கிணற்றுக்குள் போகும் கம்பியோ நேராக மேலும் கீழும் போக வேண்டும். இரண்டையும் நேரடியாக மாட்டினால் கம்பி பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். கைப்பிடியின் உள்முனையில் கால் வட்டமாக ஒரு பாகம் வைத்து, அதன்மேல் சங்கிலி படிந்து ஏறும்படி செய்தால் கம்பி செங்குத்தாகவே மேலே வரும். அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு வயதுப் பெண் கேட்ட அந்தக் கேள்விதான் அசல் இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி. நான் காதைத் திருகினேன்.

நாலு வருஷம் கழித்துப் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணக்கில் 94. "என்ன குரூப் எடுக்கட்டும் டீச்சர்?"

பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் அப்போது வணிகவியல் பிரிவுதான் இருந்தது. ஃபர்ஸ்ட் குரூப் படிக்க இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டும். "பக்கத்துல எது கெடைக்குதோ அதுல சேரு கண்ணு. பொட்டப் புள்ள, எதுக்கு அலையறே? முடிச்சுட்டு என்னை மாதிரி டீச்சர் ட்ரெயினிங் போயிரு" என்றேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் நடந்து வந்த பாதை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதையே அவளுக்கும் காட்டினேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்காவிட்டால் கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் படிப்பில் சேர முடியாது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக்கில் 3 வருஷ டிப்ளமோ சேரலாம், அதன் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையலாம் என்பது எனக்கே அன்றைக்குத் தெரியாது. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை போடும் ஒரு டிக்கில் எத்தனை கதவுகள் மூடிக்கொள்கின்றன பாருங்கள்.

பெண் இன்ஜினியர் ஒருவரை நான் அதுவரை நேரில் பார்த்ததும் கிடையாது, கேள்விப்பட்டதும் கிடையாது. 1940-களின் தொடக்கத்திலேயே நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா, தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று 3 பெண்கள் படித்திருக்கிறார்கள். அதில் லலிதா 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அவர் அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர் என்பதால் அவருக்குக் கதவு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது, மகளுக்குத் திறந்துவிட்டார். அந்த லலிதா 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய்வந்தார். என் மாணவியின் அப்பா தறிக்குப் போகிறவர். அவர் வீட்டில் அந்தக் கதவைக் காட்ட ஆள் இல்லை. காட்ட வேண்டியவள் நான்.

அவள் பிளஸ் டூ முடித்தாள். டீச்சர் ட்ரெயினிங் போக வசதியில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். இப்போது ஓவர்லாக் மெஷினோ பேட்லாக் மெஷினோ தையல் விட்டுப்போனால் அந்த வரிசையில் முதலில் கூப்பிடுவது இவளைத்தானாம். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாளாம். "மெக்கானிக் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிருவேனுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சம்பளம்? டெய்லர் சம்பளம்தான். மெக்கானிக் வேலைக்கு அங்கே பெண்களை எடுப்பதில்லை, அதற்கான சான்றிதழும் இவளிடம் இல்லை.

அந்தச் சிரிப்புதான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2000-க்குப் பிறகு ஊரெங்கும் பொறியியல் கல்லூரி முளைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் 500-க்கும் மேல் இருந்தன. பஸ் ஸ்டாண்டு முழுக்க பிளெக்ஸ் பேனர். முன்பு வாயே திறக்காத நான், அப்போது பார்த்த பிள்ளையை எல்லாம் "இன்ஜினியரிங் சேரு" என்று தள்ளிவிட்டேன். ஒரு ஸ்குருவைக்கூடக் கழற்றிப் பார்க்காத, அதில் ஆசையும் இல்லாத பையன்கள் காடு விற்ற காசில் போய்ச் சேர்ந்தார்கள். அரியரோடு திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆசை இருந்த பெண்ணுக்கு வழி சொல்லவில்லை, ஆசை இல்லாத பையனுக்கு வழி மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 15-ல் விசுவேசுவரய்யா பிறந்த நாளைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். மார்ச் 4-ஐ உலகப் பொறியியல் தினம் என்று யுனெஸ்கோ அறிவித்து, 2020 முதல் பல நாடுகளில் நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் பொறியியல் கல்வியை வளர்ப்பது கல்லூரி வாசலில் தொடங்குகிற வேலை இல்லை என்பது என் அனுபவம். பின்லாந்தில் 1866-லேயே தொடக்கப் பள்ளியில் கைவேலையைப் பாடமாக வைத்தார்கள். இங்கிலாந்தில் 1990-ல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் தேசியப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. நம் பள்ளிகளிலும் கைத்தொழில் பீரியட் இருந்தது. நான் சின்ன வகுப்பில் தக்ளியில் நூல் நூற்றிருக்கிறேன். அந்தப் பீரியட் எப்படியோ தேய்ந்து மறைந்துவிட்டது.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லேப் வேண்டாம், நிதி வேண்டாம். அடிபம்பு இருந்தால் கைப்பிடியை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அச்சிலிருந்து கை பிடிக்கும் இடம் எவ்வளவு, சங்கிலி இருக்கும் இடம் எவ்வளவு? வகுத்தால் நம் பலம் எத்தனை மடங்காகிறது என்று வந்துவிடும். பம்பு இல்லையா, சைக்கிள் இருக்கிறது. பெடல் பக்கத்துப் பல்லையும் பின்சக்கரத்துப் பல்லையும் எண்ணச் சொல்லுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்று என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி. இது எப்படி வேலை செய்கிறது? எங்கே முதலில் பழுதாகும்? நீ செய்தால் எப்படிச் செய்வாய்? மூன்றாவது கேள்விக்குக் கை தூக்கும் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரேங்க் கார்டில் அது தெரியாது.

பெற்றோருக்கும் சில விஷயங்கள். பி.இ. ஆசை இருந்தால் பதினொன்றில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கும் பிரிவை எடுங்கள். கட் ஆஃப் 200-ல் கணிதத்துக்கே 100. மற்ற இரண்டுக்கும் 50, 50. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்கிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சீக்கிரம் கையில் தொழில் வேண்டுமென்றால் பாலிடெக்னிக் இருக்கிறது. அது மட்டமான வழி இல்லை, இன்னொரு வாசல். அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு மேலே படிக்க மாதம் 1000 ரூபாயும் வருகிறது.

சரி, போன் வந்த கதைக்கு வருகிறேன். போனில் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லிப் போனேன். மாணவியின் வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பிடி கொடுக்கவில்லை. "பாலிடெக்னிக்னா பசங்க படிக்கற எடமுங்களே டீச்சர்." கோயம்புத்தூரில் பெண்களுக்கென்றே அரசினர் மகளிர் பாலிடெக்னிக் இருப்பதைச் சொன்னேன். ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். யோசித்தார். "பாத்துட்டு வர்றதுல என்னங்க" என்றார். இப்போதைக்கு அது போதும்.

மாணவியிடமும் சொன்னேன். "உனக்கு அன்னிக்கு நான் சரியாச் சொல்லல கண்ணு." அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டீச்சர்" என்றாள். ஒன்றுமில்லாமல் இல்லை. இருவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"பெடல முன்னாடி மிதிச்சா சக்கரம் சுத்துது. பின்னாடி மிதிச்சா டிக் டிக்னு சத்தம் மட்டுந்தான் வருது. ஏனுங்க டீச்சர்?"

"எனக்குச் சரியாத் தெரியாது கண்ணு. கழட்டிப் பாக்கலாமா?"

அவள் அம்மா உள்ளே போய் ஸ்பேனர் எடுத்து வந்தாள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். சேலை முந்தானையில் பட்ட கிரீஸ் இன்னும் போகவில்லை.

பின்குறிப்பு: இதைப் படிக்கும் என் பழைய மாணவர்களில் இன்ஜினியர், டெக்னீஷியன், மெக்கானிக் யாராக இருந்தாலும் சரி, வருஷத்துக்கு ஒரு நாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய் ஒரு பொருளைக் கழற்றிக் காட்டிவிட்டு வாருங்கள். பெண்கள் கட்டாயம் போங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியது முதலில் உங்களைத்தான்.