டிரெய்லர் பின்விளக்கு: கோளாறு பல்பில் இல்லை

சில வருஷங்களுக்கு முன், பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து பாலக்கோடு சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போனேன். இரவு பத்து மணி இருக்கும். பின்னால் வந்த மொபட் ஒன்று டிரெய்லரில் மோதாமல் ஒடித்து, மண்ணில் இறங்கி விழுந்தது. ஒரு பையன், அவன் மனைவி, கைக்குழந்தை. "ஏண்ணா, பின்னாடி லைட்டே இல்லாம போறீங்களே!" என்றான். யாருக்கும் அடியில்லை. எனக்குத்தான் கைநடுக்கம் நிற்கவில்லை. வீட்டில் கிளம்பும்போது விளக்கு எரிந்ததே!

மறுநாள் பல்பை மாற்றினேன். பிறகு சுவிட்சையும் மாற்றினேன். பள்ளத்தில் இறங்கினால் அணையும், ஏறினால் எரியும். ஒருநாள் மாலை மனைவியைப் பின்னால் நிற்க வைத்து, விளக்கைப் போட்டுப் பிரேக்கை மிதித்தேன். "மிதிச்சா சிவப்பு மங்குதுங்க, இண்டிகேட்டர் லேசா எரியுது" என்றாள்.

அதுதான் துப்பு. சம்பந்தமில்லாத விளக்கு மங்கலாக எரிந்தால், முதலில் எர்த்தைச் சந்தேகப்பட வேண்டும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், மற்ற பல்புகள் வழியாகச் சுற்றிப் போகிறது. என் டிரெய்லரில் எர்த் வயர் அறுந்து, கொக்கியின் இரும்பு வழியாகத்தான் கரண்ட் ஓடியிருக்கிறது. கொக்கியில் துருவும் கிரீஸும். குலுங்கும்போது தொட்டால் எரியும், விலகினால் அணையும்.

சோதிப்பது சுலபம். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து நீள வயர் ஒன்றை இழுத்து, டிரெய்லர் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் தொட வையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான். பிளஸ் முனையில் வயரை மாட்டிவிடாதீர்கள்.

சாக்கெட்டில் எர்த் பின் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். புது வயரை டிராக்டரிலிருந்து டிரெய்லர் சட்டம் வரை தனியாகவே கொண்டுபோய், பளபளப்பாகச் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். வளைவில் இழுபடாதபடி கொக்கியருகே கொஞ்சம் தொய்வு விட்டேன். அன்றோடு தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று: பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். பிரேக் பல்பு ஒன்று 21 வாட். 12 வோல்ட்டில் இரண்டுக்கும் சேர்த்து மூன்றரை ஆம்பியர்தான். தடித்த கம்பி போட்டால், பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

பாரம் ஏற்றியபின் தோகை விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கு ஏமாற்றினாலும் காட்டிக்கொடுக்க, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி வையுங்கள். இப்போதெல்லாம் யாராவது பின்னால் நின்று "எரியுது" என்று சொன்னால்தான் நான் வண்டியை நகர்த்துவேன்.